ஒரு விமான நிறுவனம், இரண்டு நாட்டில் திவால்: ஜெட் ஏர்வேஸ் வழக்கில் நடந்தது என்ன?

2019 ஏப்ரல் 10 அன்று ஆம்ஸ்டர்டாமில் இருந்து மும்பைக்குக் கிளம்ப வேண்டிய ஜெட் ஏர்வேஸ் விமானம் கிளம்பவில்லை. எந்திரக் கோளாறோ வானிலையோ காரணம் இல்லை. சரக்கு கையாண்டதற்கு வர வேண்டிய பணம் வரவில்லை என்று ஓர் ஐரோப்பிய நிறுவனம் விமானத்தையே பிடித்து நிறுத்திவிட்டது. வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் குடியிருப்பவரின் பைக்கைப் பூட்டி வைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே பூட்டப்பட்டது 346 இருக்கை கொண்ட போயிங் 777, பூட்டப்பட்ட இடம் ஸ்கிபோல் விமான நிலையம்.

அடுத்த ஒரே வாரத்தில் நிறுவனமே நின்றுபோனது. ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸில் இருந்து மும்பைக்குப் போனதுதான் கடைசி விமானம். 1993-இல் பறக்கத் தொடங்கி, ஒரு கட்டத்தில் நூற்றுக்கும் மேல் விமானம் வைத்திருந்த நிறுவனம் அது. வேலையை நம்பி இருந்தவர்கள் சுமார் 20,000 பேர், வங்கிகளுக்கு மட்டும் 8,000 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி. இதெல்லாம் செய்தித்தாளில் எல்லோரும் படித்த கதை. அதற்குப் பின்னால், அதிகம் பேசப்படாமல் நடந்த இன்னொரு கதை இருக்கிறது. ஒரே நிறுவனத்தை ஒரே மாதத்துக்குள் இரண்டு நாட்டு நீதிமன்றங்கள் தனித்தனியாகத் திவால் நடவடிக்கையில் எடுத்துக்கொண்டன. இருவருமே தங்கள் நாட்டுச் சட்டப்படி செய்தது சரி. அப்படி இருந்தும் மோதல் வந்தது, அது எப்படித் தீர்ந்தது என்பதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறேன். எல்லை தாண்டிய திவால் விஷயத்தில் இந்தியாவில் நடந்த முதல் பெரிய ஒத்துழைப்பு இதுதான்.

முதலில் நெதர்லாந்துக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்ற கேள்வி. மும்பையில் பதிவு செய்த ஓர் இந்திய நிறுவனத்தை அந்த நாட்டு நீதிமன்றம் எப்படித் திவால் என்று சொல்ல முடியும்? 2016 மார்ச் வரை ஜெட் ஏர்வேஸுக்கு ஐரோப்பிய மையம் பிரஸ்ஸல்ஸ், அதற்கப்புறம் அதை ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றிக்கொண்டார்கள். மையம் என்றால் அலுவலகம், ஆட்கள், சரக்கு ஒப்பந்தம், லாரிக்காரர்கள், எல்லோருக்கும் மாதாமாதம் பில் என்று ஒரு முழுக் குடித்தனம். நெதர்லாந்து திவால் சட்டப்படி, ஒரு நிறுவனத்தின் தலைமையிடம் வெளிநாட்டில் இருந்தாலும் உள்நாட்டில் அலுவலகம் வைத்துத் தொழில் செய்தால் போதும், அந்தப் பகுதி நீதிமன்றம் அதைத் திவால் என்று அறிவிக்கலாம். எச். எஸ்ஸர் ஃபைனான்ஸ், வாலன்போர்ன் டிரான்ஸ்போர்ட் என்ற இரண்டு நிறுவனங்கள் பாக்கிக்காக மனுப் போட்டன. வடக்கு ஹாலந்து மாவட்ட நீதிமன்றம் 2019 மே 21 அன்று ஜெட் ஏர்வேஸைத் திவால் என்று அறிவித்து, சொத்துகளைப் பார்த்துக்கொள்ள ஒரு நிர்வாகியை நியமித்தது. ஸ்கிபோலில் நின்ற அந்த 777 அவர் பொறுப்புக்குப் போனது.

இந்தப் பக்கம் ஸ்டேட் வங்கி, கடன் கொடுத்த மற்ற வங்கிகளின் சார்பிலும், மும்பையில் உள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2019 ஜூன் 20 அன்று தீர்ப்பாயம் மனுவை ஏற்று, திவால் நடவடிக்கை முடியும்வரை நிறுவனத்தைப் பார்த்துக்கொள்ளத் தீர்வு நிபுணர் ஒருவரை நியமித்தது. 180 நாள் அவகாசம் இருந்தாலும், நாட்டுக்கே முக்கியமான விஷயம் என்பதால் 90 நாளில் முடிக்கப் பாருங்கள் என்றும் சொன்னது. நெதர்லாந்து நிர்வாகியின் தரப்பு இந்த விசாரணையிலேயே தலையிட்டு, அங்கே ஏற்கெனவே நடவடிக்கை நடக்கிறது, எங்களையும் கேளுங்கள் என்று கேட்டது. தீர்ப்பாயம் கேட்கத் தயாராக இல்லை. பதிவு அலுவலகம் இந்தியாவில் இருக்கும் நிறுவனத்தின் மீது வெளிநாட்டு நீதிமன்றம் பிறப்பித்த அந்த உத்தரவு இங்கே ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று எழுதிவிட்டது.

அந்த ஒரு வரியிலிருந்துதான் பிரச்சினை தொடங்கியது. தீர்ப்பாயத்தைக் குறை சொல்லும் முன் அவர்கள் கையில் என்ன சட்டம் இருந்தது என்று பார்ப்பது நியாயம். 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் இதற்காக அப்போது இரண்டே இரண்டு பிரிவுகள்தான் இருந்தன. 234-ஆம் பிரிவு, மத்திய அரசு வெளிநாடுகளோடு இருதரப்பு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்கிறது. 235, அப்படி ஒப்பந்தம் உள்ள நாட்டு நீதிமன்றத்துக்கு நம் தீர்ப்பாயம் உதவி கேட்டுக் கடிதம் அனுப்பலாம் என்கிறது. ஆனால் நெதர்லாந்தோடு அப்படி ஓர் ஒப்பந்தம் கிடையாது. ஆக இரண்டு பிரிவும் ஏட்டோடு சரி. அதிலும், நம்மூர் நிபுணர் வெளியே போய் உதவி கேட்பதற்குத்தான் அந்தப் பிரிவு வழி காட்டுகிறது. வெளியிலிருந்து ஒருவர் இங்கே வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

மற்ற வழிகள் உண்டா? தனியார் வழக்குகளில் நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு என்றால் பொதுவாக மூன்று விஷயம். வெளிநாட்டில் இருப்பவரிடம் சம்மனைக் கொண்டு சேர்க்க 1965-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை இருக்கிறது. அங்குள்ள சாட்சியையோ ஆவணத்தையோ பெற 1970-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை. இரண்டும் இந்தியாவுக்கு 2007-லிருந்து அமலில் இருக்கின்றன. மூன்றாவது, வெளிநாட்டுத் தீர்ப்பை இங்கே நிறைவேற்றுவது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின் கீழ் அறிவிக்கப்பட்ட நாடு என்றால் அந்தத் தீர்ப்பை நேரடியாக இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்றலாம். பிரிட்டன், சிங்கப்பூர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, நெதர்லாந்து இல்லை. பட்டியலில் இல்லாத நாடென்றால் அந்தத் தீர்ப்பை வைத்துப் புதிதாக ஒரு வழக்குத்தான் போட வேண்டும். இந்த மூன்றுமே ராமன், கிருஷ்ணன் என்று இருவர் நடத்தும் வழக்குக்கு ஏற்றவை. திவால் அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான பேர் ஒரே பானையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், யாருக்கு முதல் அகப்பை என்பதுதான் அங்கே கேள்வி. அதனால் இந்த வழிகள் எதுவும் மும்பைத் தீர்ப்பாயத்துக்குக் கைகொடுத்திருக்காது.

இருந்தாலும் அந்த வரி தவறு என்றே நான் நினைக்கிறேன், காரணம் மிகவும் எளிமையானது. மும்பையில் உட்கார்ந்து 'செல்லாது' என்று எழுதினால் ஸ்கிபோலில் நிற்கும் விமானம் ஓர் அங்குலம்கூட நகராது. இந்தியச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி திவால் மனு ஏற்கப்பட்டவுடன் மொரட்டோரியம் வந்துவிடும், யாரும் நிறுவனத்தின் சொத்தை ஜப்தி செய்ய முடியாது. ஆனால் அது இந்திய எல்லைக்குள். நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் யூகோஸ் எண்ணெய் நிறுவன வழக்கில் 2013-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: வெளிநாட்டுத் திவால் நிர்வாகி அங்கே வந்து சில அதிகாரங்களைப் பயன்படுத்தலாம், ஆனால் நெதர்லாந்தில் உள்ள சொத்தின் மீது கடன் கொடுத்தவர்களுக்கு இருக்கும் உரிமையை அது தொடாது. அதாவது நம் மொரட்டோரியத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனால் விமானத்தை மீட்க முடியாது. மறுபக்கம் நெதர்லாந்து நிர்வாகிக்கும் அதே நிலைமைதான். கணக்குப் புத்தகம், பதிவேடு, பெரும்பாலான சொத்து, நிறுவனத்தை வாங்க வரக்கூடிய ஆட்கள் எல்லாமே இந்தியாவில். இந்தியத் தரப்பின் உதவி இல்லாமல் அவரால் அந்த விமானத்தை உதிரிபாகமாக விற்கலாம், அவ்வளவுதான். ஆளுக்கொரு சாவி வைத்துக்கொண்டு இருவருமே பெட்டியைத் திறக்க முடியாமல் நின்றார்கள்.

நிர்வாகி டெல்லியில் உள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார். தலைவர் நீதிபதி எஸ்.ஜே. முகோபாத்யாயா. இந்த அமர்வு செய்ததுதான் எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த பகுதி. நெதர்லாந்து உத்தரவு இங்கே செல்லுமா செல்லாதா என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் வாதம் கேட்டிருக்கலாம். அதற்குப் பதில், நீங்கள் இந்தியத் தீர்வு நிபுணரோடு ஒத்துழைக்கத் தயாரா என்று நிர்வாகியின் தரப்பையே நேராகக் கேட்டது. தயார் என்று பதில் வந்தது. ஆனால் வெறும் வாய்ப்பேச்சை அமர்வு நம்பவில்லை, தன் வசம் உள்ள, இந்தியாவுக்கு வெளியே இருக்கும் அசையும் சொத்துகளை விற்கவோ மாற்றவோ மாட்டேன் என்று அவரிடம் உறுதி வாங்கியது. வங்கிகளின் பெரிய பயமே, நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும்போது அங்கே விமானத்தை விற்றுவிடுவார்களோ என்பதுதான். அந்தப் பயம் தணிந்த பிறகுதான் மற்றப் பேச்சு நகர்ந்தது. ஆகஸ்டில், கடன் கொடுத்தோர் குழுவைக் கலந்துகொண்டு நெதர்லாந்து நிர்வாகியோடு ஓர் உடன்பாட்டுக்கு வாருங்கள் என்று தீர்வு நிபுணருக்கு உத்தரவு போனது. இருவரும் உட்கார்ந்து ஒரு 'புரோட்டோகால்', அதாவது எப்படி ஒத்துழைப்பது என்பதற்கான ஒப்பந்தம், எழுதினார்கள். 2019 செப்டம்பர் 26 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதைத் தன் உத்தரவின் பகுதியாக ஏற்றுக்கொண்டது.

அந்தப் புரோட்டோகாலுக்கு அஸ்திவாரம் அன்சிட்ரல் எனப்படும் ஐ.நா. சர்வதேச வணிகச் சட்ட ஆணையம் 1997-இல் கொண்டுவந்த மாதிரிச் சட்டம். இந்தியா அதை ஏற்கவில்லை, நெதர்லாந்தும் ஏற்கவில்லை. இரண்டு நாட்டிலும் சட்டமாக இல்லாத ஒன்றை, இரண்டு தரப்பும் ஒப்பந்தமாக எழுதி எடுத்துக்கொண்டார்கள்! மாதிரிச் சட்டத்தின் மையக் கருத்து, ஒரு நிறுவனத்தின் முக்கிய நலன்கள் எங்கே குவிந்திருக்கின்றனவோ அந்த நாட்டு நடவடிக்கை முதன்மை, மற்ற நாடுகளில் நடப்பது துணை என்பது. ஜெட் ஏர்வேஸின் மையம் இந்தியா, எனவே இந்திய நடவடிக்கையே முதன்மை, நெதர்லாந்தில் நடப்பது துணை நடவடிக்கை என்று நெதர்லாந்து நிர்வாகி எழுத்தில் ஒப்புக்கொண்டார். அதோடு தகவல் பரிமாற்றம், சொத்தைப் பாதுகாப்பது, கடன் கோரிக்கைகளை எப்படிக் கையாள்வது, இரு நாட்டு நீதிமன்றங்களும் தத்தம் அதிகாரத்தை விட்டுக்கொடுக்காமல் ஒன்றையொன்று மதிப்பது என்று ஷரத்துகள்.

இவ்வளவு விட்டுக்கொடுத்தவருக்குக் கிடைத்தது என்ன? முதலாவது, 'செல்லாது' என்ற அந்த வரி ரத்தானது. இரண்டாவது, கடன் கொடுத்தோர் குழுவின் கூட்டங்களில் பார்வையாளராக உட்காரும் உரிமை. வங்கிகளுக்கு இது பிடிக்கவில்லை, வெளியாளை எதற்கு உள்ளே விட வேண்டும் என்று எதிர்த்தார்கள். நிறுவனத்தை யாருக்கு விற்பது, எவ்வளவு குறைத்து வாங்குவது என்றெல்லாம் ரகசியமாகப் பேசும் அறை அது, அவர்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. தீர்ப்பாயம் நடுவழி கண்டது. வரலாம், கேட்கலாம், ஏதாவது ஆலோசனை இருந்தால் தீர்வு நிபுணரிடம் சொல்லலாம், ஆனால் ஓட்டு கிடையாது. ஒரு நாற்காலிதான். ஆனால் ஸ்கிபோலில் விமானத்தைப் பிடித்து வைத்தவர்களின் தரப்பு மும்பையில் நடப்பதை நேரில் பார்க்க முடிந்தது, தங்களை ஏமாற்றவில்லை என்று தெரிந்தது. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் எந்தப் புரோட்டோகாலும் காகிதம்தான்.

இதற்கு முன்னோடி உண்டு. 1991 நவம்பரில் பத்திரிகை அதிபர் ராபர்ட் மாக்ஸ்வெல் தன் படகிலிருந்து கடலில் விழுந்து இறந்தார். அடுத்த மாதம் அவருடைய மாக்ஸ்வெல் கம்யூனிகேஷன் நிறுவனம் நியூயார்க்கில் திவால் மனுப் போட்டது, மறுநாளே லண்டனிலும் நடவடிக்கை தொடங்கியது. அப்போது மாதிரிச் சட்டமே பிறக்கவில்லை. நியூயார்க் நீதிபதி டினா பிரோஸ்மனும் லண்டன் நீதிபதி ஹாஃப்மனும் இரு தரப்பையும் உட்காரவைத்து ஒரு புரோட்டோகாலை எழுதவைத்தார்கள். அதை இன்னும் தூரம் கொண்டுபோனது நார்டெல் என்ற கனடாவின் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வழக்கு. 2014-இல் கனடாவின் டொரன்டோவிலும் அமெரிக்காவின் வில்மிங்டனிலும் இருந்த இரண்டு நீதிமன்றங்கள் வீடியோ இணைப்பில் ஒரே விசாரணையைச் சேர்ந்து நடத்தின. நார்டெலின் சொத்துகளை விற்று வந்த 730 கோடி டாலரை எப்படிப் பிரிப்பது என்பது வழக்கு. தீர்ப்பையும் 2015 மே 12 அன்று, ஒரே நாளில் இருவரும் சொன்னார்கள்.

அதையெல்லாம் வைத்துப் பார்த்தால் ஜெட் வழக்கில் என்ன குறை என்பது தெரியும். டெல்லித் தீர்ப்பாயமும் வடக்கு ஹாலந்து நீதிமன்றமும் நேரடியாகப் பேசிக்கொள்ளவில்லை, பேச நம் சட்டத்தில் அப்போது வழியும் இருக்கவில்லை. பேசியது இரண்டு நிபுணர்கள். இருவரும் நல்ல மனதோடு நடந்துகொண்டதால் வேலை நடந்தது. நெதர்லாந்து நிர்வாகி மட்டும் 'முடியாது, விமானத்தை விற்கத்தான் போகிறேன்' என்று சொல்லியிருந்தால், டெல்லி அமர்வு கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கும். அப்புறம், ஜெட் ஏர்வேஸின் விமானங்களில் பெரும்பாலானவை குத்தகைக்கு எடுத்தவை. அவற்றைக் கொடுத்தவர்கள் ஏற்கெனவே திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆக நெதர்லாந்தில் சண்டை போடப் பெரிதாக இருந்தது அந்த ஒரு விமானம்தான். இருபது நாட்டில் சொத்தும் தொழிற்சாலையும் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்கு இதே மாதிரி ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனிப் புரோட்டோகால் எழுதிக்கொண்டிருக்க முடியுமா? இங்கே ஒரு நாட்டோடு எழுதவே, மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. பூட்டிக் கிடக்கும் விமான நிறுவனத்துக்கு மூன்று மாதம் என்பது பெரிய காலம். விமானி வேறு வேலைக்குப் போய்விடுவார், விமான நிலையத்தில் ஒதுக்கிய நேரங்களை வேறு நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பலருக்கும் குழப்பம் உண்டு. கடன் கொடுத்த வெளிநாட்டுக்காரர் இந்தியத் திவால் நடவடிக்கையில் பங்கெடுக்கவே முடியாது என்று நினைத்துக்கொண்டு அவரவர் நாட்டில் மனுப் போடுகிறார்கள். அது சரியில்லை. இந்தியச் சட்டத்தில் 'நபர்' என்ற சொல்லிலேயே வெளிநாட்டில் வசிப்பவரும் அடக்கம். 2017 டிசம்பரில் மக்வாரி வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு தடையை எடுத்துவிட்டது. சரக்கோ சேவையோ கொடுத்த பாக்கிக்காக மனுப் போடுபவர் இந்திய நிதி நிறுவனத்தின் சான்றிதழைக் கட்டாயம் இணைக்க வேண்டும் என்று அதுவரை கேட்டார்கள். வெளிநாட்டுக்காரருக்கு இங்கே கணக்கே இருக்காது, சான்றிதழுக்கு எங்கே போவார்? அது கட்டாயமில்லை என்று தீர்ப்பு வந்தது. எனவே ஆம்ஸ்டர்டாமில் லாரி ஓட்டியவர்களுக்கும் மும்பையில் கோரிக்கை வைக்க வழி இருந்தது. அவர்கள் அதை நம்பவில்லை என்பதும் இயல்புதான். கண்ணெதிரே நிற்கும் விமானத்தை விட்டுவிட்டு, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் வரிசையில் நிற்க யாருக்கு மனம் வரும்?

சரி, நிறுவனம் பிழைத்ததா? இல்லை. நிறுவனத்தை எடுத்து நடத்த முன்வந்த ஜலான்-கல்ராக் கூட்டணியின் திட்டத்தைக் கடன் கொடுத்தோர் குழு 2020 அக்டோபரில் ஏற்றது, தீர்ப்பாயம் 2021 ஜூன் 22 அன்று ஒப்புதல் கொடுத்தது. பணம் எப்போது போடுவது, உத்தரவாதத் தொகையை எதில் கழிப்பது என்று இழுபறி மூன்று ஆண்டு நடந்தது. கடைசியில் 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவில் தனக்குள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தி, நிறுவனத்தைக் கலைத்துச் சொத்துகளை விற்கச் சொல்லிவிட்டது. கூட்டணி போட்டிருந்த 200 கோடி ரூபாய் பறிமுதலானது. ஐந்தரை ஆண்டுக்கு மேல் சம்பள பாக்கிக்கும் பணிக்கொடைக்கும் காத்திருந்த ஊழியர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. புரோட்டோகால் தோற்றதால் இது நடக்கவில்லை, அது தன் வேலையைச் செய்தது. அதற்கப்புறம் நடந்த குளறுபடி முழுக்க உள்நாட்டு விவகாரம்.

எனக்குக் கோபம் வருவது வேறிடத்தில். ஜெட் விமானம் ஸ்கிபோலில் நிற்பதற்கு ஆறு மாதம் முன்பே, 2018 அக்டோபரில், மத்திய அரசு அமைத்த திவால் சட்டக் குழு மாதிரிச் சட்டத்தை ஏற்கலாம் என்று அறிக்கை கொடுத்து, சட்ட வரைவையும் எழுதியே கொடுத்திருந்தது. அது கிடப்பில் கிடந்தது. 2025 ஆகஸ்டில் மக்களவையில் வைத்த திருத்த மசோதாவில்தான், எல்லை தாண்டிய திவாலுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கும் ஒரு பிரிவு வந்தது. அந்த விதியில் நம் தீர்ப்பாயம் வெளிநாட்டு நீதிபதியோடு நேரடியாகப் பேச அனுமதி இருக்க வேண்டும், வெளிநாட்டு நிர்வாகி இங்கே வந்து மனுப் போட நேரடி வழியும் வேண்டும். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் நாம் மறுபடி 2019 ஜூன் 20-க்கே போவோம்.

சட்டம் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அதே 2025-இல் சிங்கப்பூரில் ஓர் உதாரணம் கிடைத்தது. கம்ப்யுஏஜ் இன்ஃபோகாம் என்ற இந்திய நிறுவனம் இங்கே திவால் நடவடிக்கையில் இருந்தது, சிங்கப்பூரில் அதற்குக் கிளையும் சொத்தும் இருந்தன. இந்தியத் தீர்வு நிபுணர் சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மாதிரிச் சட்டத்தைச் சிங்கப்பூர் 2017-லேயே ஏற்றுக்கொண்டிருந்ததால் அவர் புரோட்டோகால் எழுத வேண்டியிருக்கவில்லை, யாருடைய நல்ல மனதையும் நம்பி நிற்க வேண்டியிருக்கவில்லை. இந்திய நடவடிக்கையை முதன்மை வெளிநாட்டு நடவடிக்கையாக நீதிமன்றம் அங்கீகரித்தது. அதோடு, தங்கள் ஊரில் கடன் கொடுத்தவர்களின் நலனுக்குப் பாதுகாப்பு உண்டா என்று பார்க்காமல் சொத்தை இந்தியாவுக்கு எடுத்துப் போக உடனே அனுமதிக்கவும் இல்லை, அதற்குத் தனியாக மறுபடி வந்து கேளுங்கள் என்று சொன்னது.